விடுதி வீடியோவுக்குச் சிரிக்கச் சிரிக்கத் தீர்ப்பு: எம்ஐடி ஐ3 வீடியோக்களை மதிப்பிட ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர்களுக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் ஒரு வேலை காத்திருக்கும். பத்துக்கும் மேற்பட்ட விடுதிகளில் எது முதல் விருப்பம், எது கடைசி என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது 2002 முதல் அங்கே விதி. அதனால் இந்த முடிவைத் தட்டிக்கழிக்க வழியில்லை. ஆனால் வரிசைப்படுத்துகிறவர்களில் பலர் அந்த ஊர் மண்ணை மிதித்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்காக அந்தந்த விடுதி மாணவர்களே எழுதி, நடித்து, எடுத்து, வெட்டி ஒட்டித் தரும் சிறு படங்கள்தான் ஐ3 வீடியோக்கள்.

இவற்றைக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்து, மதிப்பெண் போட்டு, வேடிக்கையான விருதுகள் கொடுப்பது அருமையான விளையாட்டு. அதைச் சரியாகச் செய்தால், பார்க்கும் புது மாணவருக்கு வீடியோவைவிடத் தீர்ப்பே அதிகம் உதவும். விடுதி வீடியோ எடுப்பவர் தன் வீட்டைக் காதலோடு காட்டுகிறார். அவர் கண்ணுக்குப் பழகிப்போனது எதுவும் படத்தில் வராது. அதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு நடுவர் வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: ஒவ்வொரு சிரிப்பும் ஒரு தகவலைச் சுமந்து வர வேண்டும். விருதின் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரட்டும்; சிரித்து முடிக்கும்போது அந்த விடுதியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

படி 1: வீடியோவைத் திறக்கும் முன் வீடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். விடுதியைத் தெரியாத நடுவர், கேமரா ஆடியது, ஒலி சரியில்லை என்று மட்டுமே பேசுவார். அது எந்த வீடியோவுக்கும் பொருந்தும் விமர்சனம்; யாருக்கும் பயன்படாது.

பேக்கர் ஹவுஸிலிருந்து தொடங்கலாம். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்து 1949-இல் திறக்கப்பட்ட விடுதி. செங்கல் சுவர் அலை போல வளைந்து வளைந்து போகும். பெரும்பாலான அறைகளுக்கு ஆறு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த வளைவு. வளைவின் விலையை அறைகள் கொடுக்கின்றன: ஆப்பு வடிவில் சில, ஒல்லியாகச் சில, ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆகவே பேக்கர் வீடியோ ஒரே ஒரு அழகான அறையை மட்டும் காட்டினால், நடுவர் உடனே கேட்க வேண்டும்: மற்ற அறைகள் எங்கே?

அந்த விடுதிக்கு இன்னொரு புகழும் உண்டு. பழுதுபார்க்க முடியாத பழைய பியானோவைக் கூரையிலிருந்து கீழே தள்ளும் வழக்கம் 1972-இல் அங்கே தொடங்கியது. பாடங்களைக் கைவிடக் கடைசி நாளான வசந்தகால நாளில் அது நடக்கும். பேக்கர் வீடியோவில் பியானோ வந்தால் வியப்படைய வேண்டாம். பியானோ விழுந்த பிறகு மீதி நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறார்களா என்பதைப் பாருங்கள்.

சிம்மன்ஸ் ஹால் 2002-இல் வந்தது. ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த பத்து மாடிக் கட்டடம். கடற்பஞ்சிலிருந்து வந்த யோசனை என்பதால் எல்லாரும் அதைப் பஞ்சு என்றே கூப்பிடுகிறார்கள். வெளியே ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள். ஒற்றை அறை ஒன்றுக்கே ஒன்பது ஜன்னல். சுவர் தடிமனாக இருப்பதால் கோடை வெயில் உள்ளே வராமல் தடுக்கப்படும், குளிர்காலத்தின் தாழ்ந்த வெயில் உள்ளே வரும். இதெல்லாம் கட்டடக்கலைப் புத்தகத்துக்குப் போதும். அங்கே தூங்கப்போகிற மாணவருக்கு வேண்டியது வேறு: ஒன்பது ஜன்னலுக்கும் எப்படித் திரை போடுவது? வண்ணப் பந்துகள் நிரப்பிய பந்துக்குழி ஒன்றும் அங்கே உண்டு. எந்தக் கேமராவுக்கும் அதில் குதிக்காமல் இருக்க முடியாது.

ரேண்டம் ஹால் இதற்கு நேர் எதிர். மாசசூசெட்ஸ் அவென்யூவில், ஆற்றைவிட்டுத் தள்ளி, நூறு பேருக்கும் குறைவாக வாழும் சின்ன விடுதி. சலவை இயந்திரம் காலியாக இருக்கிறதா, குளியலறையில் ஆள் இருக்கிறாரா என்பதை இணையத்தில் பார்க்கும் ஏற்பாட்டை அங்கிருந்த மாணவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1994-இல் வாங்கிய ஒரு பால் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல், விடுதியின் ஓர் உறுப்பினரைப் போலக் காப்பாற்றி வந்த பெருமையும் ரேண்டத்துக்கே. பூனை வளர்க்க இடம் தரும் விடுதிகளில் இதுவும் ஒன்று.

ஈஸ்ட் கேம்பஸ், ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் இரண்டு பழைய கட்டடங்கள். சுவரில் ஓவியம் தீட்டுவதும், புது மாணவர்கள் வரும் வாரத்தில் மரப்பலகையால் கோட்டையும் ரோலர் கோஸ்டரும் கட்டுவதும் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. 2023-இல் புதுப்பிக்க மூடி, 2025-இல் திறந்தார்கள்.

மெக்கார்மிக் ஹால் பெண்களுக்கு மட்டுமான விடுதி. அதன் பின்னால் இருப்பவர் கேத்தரின் டெக்ஸ்டர் மெக்கார்மிக். 1904-இல் எம்ஐடி-யில் உயிரியல் பட்டம் பெற்றவர், பின்னாளில் கருத்தடை மாத்திரை ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர். தங்க இடமில்லை என்று பெண்களின் சேர்க்கை குறுகிக் கிடந்த காலத்தில், இடத்தை நானே கட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். விடுதி 1963-இல் திறந்தது. மெக்கார்மிக் வீடியோ இவரைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொன்னால் நான் கைதட்டுவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாக: மசீஹ் ஹால் ஒரு காலத்தில் ஓட்டல், பிறகு முதுநிலை மாணவர் விடுதி, 2011 முதல் இளநிலை மாணவர் விடுதி. மெக்ரெகரில் ஒற்றை அறைகள் அதிகம். நியூ ஹவுஸில் ஸ்பானிய இல்லம், பிரெஞ்சு இல்லம், சாக்லேட் சிட்டி போன்ற தனித்தனிச் சமூகங்கள். நெக்ஸ்ட் ஹவுஸ், நியூ ஹவுஸுக்கு அடுத்தது. ஆற்றங்கரை வரிசையின் மேற்குக் கோடி. நியூ வாஸர் 2021-இல் வந்த புதுமுகம். பர்ட்டன்-கானர், அடுக்குவீடு போல அறைத்தொகுப்புகளும் சமையலறைகளும் கொண்டது.

இதில் ஒரு பிரிவினையை மட்டும் தாளில் எழுதிக் கண் முன்னே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கர், மசீஹ், மெக்கார்மிக், நெக்ஸ்ட், சிம்மன்ஸ், நியூ வாஸர் ஆகியவற்றில் உணவுக்கூடம் உண்டு. ஈஸ்ட் கேம்பஸ், ரேண்டம், மெக்ரெகர், பர்ட்டன்-கானர், நியூ ஹவுஸ் ஆகியவற்றில் மாணவர்கள் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிற சைவ மாணவருக்கு மற்ற எல்லாத் தகவலையும்விட இதுதான் முதல் கேள்வி. குக்கர் எடுத்துப் போவதா வேண்டாமா என்பதே இதைப் பொறுத்தது.

படி 2: ஆண்டைப் பாருங்கள்

பழைய வீடியோக்கள் இணையத்தில் கிடக்கும். பெக்ஸ்லி ஹால் 2013-இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. சீனியர் ஹவுஸ் இளநிலை மாணவர் விடுதியாக இருந்தது 2017-இல் முடிவுக்கு வந்தது. இவற்றின் பழைய வீடியோக்களைப் போட்டியில் சேர்க்காதீர்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது இழந்த வீடு. புதுப்பிக்கப்பட்ட விடுதியின் பழைய வீடியோவும் அப்படித்தான்: அதில் தெரியும் சமையலறை இப்போது இருக்காது.

படி 3: நடுவர்களைச் சேருங்கள்

மூன்று பேர் போதும். ஐந்துக்கு மேல் போனால் ஜோக் அடிக்கும் போட்டியாகிவிடும், யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள்.

ஒருவர் நிஜமாகவே விடுதி தேர்ந்தெடுக்கப்போகிற புது மாணவராக இருப்பது நல்லது. சிரிப்பு திசை மாறும்போதெல்லாம், "சரி, எனக்கு இதனால் என்ன தெரிந்தது?" என்று கேட்கிற உரிமை அவருக்கு. இன்னொருவர் அந்த வளாகத்தில் வாழ்ந்தவராக இருக்கலாம். தன் சொந்த விடுதியின் வீடியோ ஓடும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். மூன்றாமவர் யாராகவும் இருக்கட்டும். அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா எல்லாருமே பொருத்தம். "இவ்வளவு பேர் ஓடுறாங்களே, துணி எங்கப்பா காயப்போடுறாங்க?" என்று கேட்கும் பெரியவர் ஒருவர் இருந்தால் உங்கள் நடுவர் குழு முழுமை பெற்றுவிட்டது.

படி 4: மூன்று முறை பாருங்கள்

முதல் முறை எதுவும் எழுதாமல் பாருங்கள். படம் எடுத்தவர் உங்களைச் சிரிக்கவைக்க நினைத்த இடத்தில் சிரியுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது.

இரண்டாம் முறை பேனாவோடு. மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு.

ஒலியில்லாமல் பார்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். பாட்டும் பேச்சும் போனதும் படத்தின் ஓரங்கள் பேசத் தொடங்கும். முன்னால் ஆடுகிறவர்களைத் தாண்டிப் பின்னால் பாருங்கள்: அடுப்பில் பாத்திரம் இருக்கிறதா, அடுப்பு துடைத்துவைத்த மாதிரிப் பளபளக்கிறதா? சமைக்கிற வீட்டில் பளபளக்கும் அடுப்பு, படப்பிடிப்புக்காகத் துடைத்த அடுப்பு. தாழ்வாரத்தில் செருப்பும் காலணியும் கதவுக்கு வெளியே கிடக்கின்றனவா? கதவுகள் திறந்திருக்கின்றனவா, சாத்தியிருக்கின்றனவா? ஆட்டத்தில் சேராமல் ஒரு மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர் இருக்கிறாரா? அவர் இருந்தால் அந்த வீட்டில் ஆடாதவருக்கும் இடம் உண்டு. கூச்ச சுபாவமுள்ள புது மாணவருக்கு அந்த மூலை ஆள் கொடுக்கும் நம்பிக்கையை நூறு வரவேற்பு வாசகங்கள் கொடுக்காது.

படி 5: எதைத் தேடுவது

இரண்டாம் முறை பார்க்கும்போது பேனாவோடு தேட வேண்டியவை: குளியலறை, சலவை, சமையலறை, இரவு பதினொரு மணிக்குச் சத்தம், குளிர்காலத்தில் வகுப்புக்கு நடக்கும் தூரம், பனி, வீட்டுப்பாடம் செய்யும் கூட்டம், மேல்நிலை மாணவர்கள் புதியவர்களிடம் பேசும் விதம். மாணவர் வாழ்க்கையில் பெரும்பகுதி இவைதான், வீடியோவில் மிகக் குறைவாக வருபவையும் இவைதான்.

குளியலறையைக் காட்டும் துணிச்சல் எந்த விடுதிக்கு இருந்தாலும் அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். நடக்கும் தூரமும் அப்படித்தான். நெக்ஸ்ட் ஹவுஸிலிருந்து வகுப்புக்குப் போவது ஜனவரிக் காற்றில் நீண்ட நடை. அந்த நடையை ஒரே ஷாட்டில், மூக்கு சிவக்கச் சிவக்க எடுத்துக் காட்டினால் அது நேர்மையின் உச்சம். வெயில் நாளில் எடுத்த அதே நடை பாதி உண்மை.

மாணவர்கள் பாட்டுக்கு வேறு வரி எழுதிப் பாடுவது இந்த வகை வீடியோக்களில் மிகப் பழக்கமான உத்தி. அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம். வரிகளை எழுதிப் பாருங்கள். விடுதியின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு விடுதியின் பெயரைப் போட்டால் பாட்டு அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அந்தப் பாட்டு எதையும் சொல்லவில்லை. பொருந்தாமல் எங்கேயோ இடித்தால், இடிக்கும் இடத்தில்தான் அந்த விடுதி இருக்கிறது. இந்தச் சோதனையை வசனத்துக்கும், நகைச்சுவைக் காட்சிக்கும், கடைசி வாசகத்துக்கும் செய்யலாம். நான் நம்பும் ஒரே பெரிய சோதனை இது.

படி 6: உள்ளூர் அளவையில் மதிப்பெண்

பத்துக்கு ஏழு, ஐந்து நட்சத்திரம் என்பதெல்லாம் எங்கும் உள்ளது. எம்ஐடி வீடியோவுக்கு எம்ஐடி அளவைகளே இருக்கும்போது வேறு எதற்கு?

முதல் அளவை ஸ்மூட். 1958-இல் ஒரு மாணவர் சங்கத்தினர், புதிதாகச் சேர்ந்த ஆலிவர் ஸ்மூட் என்பவரைப் பாலத்தில் படுக்கவைத்து, எழுப்பி, மீண்டும் படுக்கவைத்து, சார்லஸ் ஆற்றின் மேல் போகும் ஹார்வர்ட் பாலத்தை அளந்தார்கள். பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூட்டியோ குறைத்தோ ஒரு காது. ஒரு ஸ்மூட் என்பது ஐந்தடி ஏழு அங்குலம், அதாவது சுமார் 1.70 மீட்டர். அந்தக் குறிகள் இன்றும் பாலத்தில் வண்ணம் பூசிக் காக்கப்படுகின்றன. அந்த ஸ்மூட் பின்னாளில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்கும், உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ-வுக்கும் தலைவரானார். அளவைக்குப் பிறந்த மனிதர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது அளவை புரூனோ. பேக்கர் கூரையிலிருந்து விழும் பியானோ தரையில் உண்டாக்கும் பள்ளத்தின் கொள்ளளவுதான் ஒரு புரூனோ. பியானோ யோசனையைத் தொடங்கிவைத்த மாணவரின் பெயர் அது.

இனிக் கணக்கு எளிது. வீடியோ கொடுத்த ஒவ்வொரு உருப்படியான தகவலுக்கும் ஒரு ஸ்மூட். வீணடித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புரூனோ. கூட்டிக் கழிக்க வேண்டாம். பாலத்தின் நீளத்திலிருந்து பள்ளத்தின் கொள்ளளவைக் கழிக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நடுவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் "கூட்டியோ குறைத்தோ ஒரு காது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

புரூனோ விழ வேண்டிய இடங்களில் சில: ஆளில்லாத பொதுக்கூடத்தை மெதுவாகச் சுற்றிக் காட்டும் காட்சி. எந்த விடுதி என்றே தெரியாத உயரத்தில் டிரோன் பறப்பது. "நாங்கள் ஒரே குடும்பம்" என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கு ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடியோ. உள்ளே வாழ்கிறவர்களுக்கு மட்டும் புரியும் ஜோக்கை விளக்கமில்லாமல் ஒரு நிமிடம் இழுப்பது. கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்: புரியாத ஜோக்குக்கு அத்தனை பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் மக்கள் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதே ஒரு தகவல். அரை ஸ்மூட் கொடுங்கள்.

படி 7: விருதுக்குப் பெயர் வையுங்கள்

"சிறந்த வீடியோ" என்று ஒரு விருது கொடுத்தால் ஒரு விடுதி மகிழும், பத்து விடுதிகள் வருந்தும், புது மாணவருக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் அதற்கே உரிய ஒரு விருது கொடுங்கள். எல்லாருக்கும் பரிசு கொடுத்து மகிழ்விப்பது இதன் நோக்கமில்லை. ஒவ்வொரு விடுதியையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான்.

நல்ல விருதுப் பெயருக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி பாராட்டு, மறு பாதி கண்டுபிடிப்பு. "சிறந்த பூனை விருது" என்பதில் பாராட்டு மட்டும் இருக்கிறது. "இயக்குநர் சொன்னதைக் கேட்காத ஒரே நடிகர் விருது: மூன்றாம் மாடிப் பூனை" என்றால், பூனை இருக்கிறது, மூன்றாம் மாடியில் இருக்கிறது, ஒவ்வாமை உள்ளவர் யோசிக்க வேண்டும் என்று மூன்று செய்திகள் வந்துவிட்டன.

இன்னும் சில மாதிரிகள். உங்கள் வீடியோக்களில் கண்டதை வைத்து இதே முறையில் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

"வெங்காயம் வதங்கும் ஒலி விருது": சமையலறைக் காட்சியில் பின்னணி இசையை நிறுத்திவிட்டு, நிஜமாகச் சமைத்துக் காட்டிய விடுதிக்கு.

"ஜன்னல் ஒன்பது, திரை ஒன்றுமில்லை விருது": கட்டடத்தின் வெளிப்புறத்தை நான்கு கோணத்தில் காட்டிவிட்டுக் காலை வெயிலைப் பற்றிப் பேசாத வீடியோவுக்கு.

"கதவுக்குப் பின்னால் கேட்ட குரல் விருது": படப்பிடிப்பு நடக்கும்போது உள்ளேயிருந்து, "மெதுவா பேசுங்க, நாளைக்குப் பரீட்சை" என்று கத்திய, முகம் தெரியாத மாணவருக்கு. அந்தச் சுவரின் தடிமனைப் பற்றி அவர் கொடுத்த சாட்சியத்துக்காக.

"பந்துக்குழியைக் கடந்து வந்த வீரர் விருது": பந்துக்குழி இருந்தும் அதில் குதிக்காமல் படிப்பறைக்குக் கேமராவைக் கொண்டுபோன ஒளிப்பதிவாளருக்கு.

விருதுப் பெயரின் கீழே இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். அதில் காட்சியின் நேரக்குறி கட்டாயம் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து, நடுவர் சொன்னது சரியா என்று சோதிக்கலாம். ஆதாரமில்லாத கிண்டல் வெறும் வம்பு.

படி 8: சிரிக்கக் கூடாத இடங்கள்

முகம், உடல், உச்சரிப்பு, உடை, நடனம் தெரியாமல் ஆடுவது: இவை எதையும் தொடாதீர்கள். கேமரா முன்னால் நின்றவர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. முன்பின் தெரியாத ஒருவர் தனியாக உணரக் கூடாது என்பதற்காகத் தன் தூக்கத்தை விட்டுவிட்டு நடித்திருக்கிறார். உங்கள் கிண்டல் எப்போதும் கட்டடத்தின் மேல், கேமராவின் மேல், எடிட்டிங்கின் மேல், விடுதியின் பெருமிதத்தின் மேல் விழட்டும். தனி ஆள் மேல் வேண்டாம். பெயர் சொல்லிப் பாராட்டலாம் என்று தோன்றினாலும், "நீலச் சட்டை போட்ட சமையல்காரர்" என்று எழுதினால் போதும்.

பணமும் கேமராவும் குறைவாக இருந்ததைக் குறையாகச் சொல்லாதீர்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோ உண்மையைப் பல நேரம் நன்றாகவே காட்டுகிறது.

பண்பாட்டுச் சமூகங்களின் வீடியோவில் இன்னும் கவனம் வேண்டும். நியூ ஹவுஸின் சாக்லேட் சிட்டி கறுப்பின, பழுப்பின மாணவர்கள் சேர்ந்து கட்டிய வீடு. அங்கே பேசப்படும் "குடும்பம்" என்ற வார்த்தைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதற்கு நான் புரூனோ போட மாட்டேன்.

மன அழுத்தம், உதவி கேட்பது, தனிமை பற்றி வீடியோ பேசினால், அந்தப் பகுதியில் ஜோக்கை நிறுத்திவிட்டு முழு ஸ்மூட் கொடுத்து நகருங்கள்.

படி 9: ஒரு முழுத் தீர்ப்பு எப்படி இருக்கும்

ஒரு கற்பனை விடுதியை வைத்து எழுதிக் காட்டுகிறேன். மூன்று நிமிட வீடியோ. டிரோன் காட்சியில் தொடங்குகிறது. பிறகு ஒரு பெண் கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க" என்கிறார். பாட்டு. நான்கு அறைகள். சமையலறையில் ஒருவர் தோசைக்கல்லில் ஏதோ கருக்கிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வந்து அடுப்பைத் தணிக்கிறார். மறுபடி பாட்டு. கூரையில் எல்லாரும் கையசைக்கிறார்கள்.

தீர்ப்பு: "நான்கு ஸ்மூட், இரண்டு புரூனோ, கூட்டியோ குறைத்தோ ஒரு காது. விருது: கருகலைத் தடுத்த கை விருது, 1:42. சொல்லாமலே வந்து அடுப்பைத் தணித்துவிட்டு, சொல்லாமலே போன அந்தக் கைக்கு. இந்த வீட்டில் நீங்கள் சமைக்கலாம். சமைக்கத் தெரியாவிட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம். அறைகள் நான்கும் ஒரே ஒழுங்கில் இருப்பது சந்தேகம் தருகிறது, ஐந்தாவது அறையைத் திறந்து காட்டுங்கள். டிரோனுக்கு ஒரு புரூனோ, இரண்டாம் பாட்டுக்கு ஒரு புரூனோ. காது எதற்கு என்றால், கூரைக்குப் புது மாணவர் எப்போதும் போகலாமா என்பதில் நடுவர்களுக்குள் சண்டை."

இதில் கிண்டல் இருக்கிறது, ஆனால் அந்த விடுதியில் இருப்பவர் படித்தால் அவரே முதலில் சிரிப்பார். அதுதான் தேர்ச்சி மதிப்பெண்.

படி 10: நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்

வாய்விட்டுத் தீர்ப்புச் சொல்லும் கூட்டமாக நடத்தினால், அதே கேம்பிரிட்ஜ் நகரின் இன்னொரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 1991-இல் எம்ஐடி-யில் தொடங்கிய இக் நோபல் விருது விழா பின்னர் ஹார்வர்டில் நடந்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான விருது அது. ஏற்புரை நீண்டுபோனால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடைக்கு வந்து, "போதும், எனக்குப் போரடிக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். எந்தப் பேராசிரியரும் அதற்கு மேல் பேச முடியாது. உங்கள் வீட்டிலும் அந்த வேலைக்குத் தகுதியான ஒரு குழந்தை நிச்சயம் இருக்கும். ஒரு விடுதிக்கு ஒரு நிமிடம் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 11: தீர்ப்பை எப்போது, எப்படிக் கொடுப்பது

விருப்ப வரிசையைச் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு வந்தால் பொழுதுபோக்காகத்தான் இருக்கும்.

விடுதிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தரவரிசைப்படுத்த வேண்டாம். வரிசைப்படுத்துவது தங்கப்போகிறவரின் வேலை. நீங்கள் கொடுக்க வேண்டியது விருது, ஸ்மூட், புரூனோ, அதோடு ஒவ்வொரு விடுதிக்கும் வீடியோ பதில் சொல்லாத கேள்விகளில் இரண்டோ மூன்றோ. இந்தக் கேள்விப் பட்டியலை நகைச்சுவை கலக்காமல் எழுதுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் புது மாணவர்கள் வளாகத்துக்கு வந்ததும் ரெக்ஸ் நடக்கும். விடுதி விடுதியாகப் போய்ப் பார்க்கும் நாட்கள் அவை. எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது சாப்பிடக் கிடைக்கும். அந்தக் கேள்விப் பட்டியல் அப்போதும் வேலைக்கு வரும். கைப்பேசியில் வைத்துக்கொண்டு, வீடியோவில் நடித்த முகத்தைத் தேடாமல், தாழ்வாரத்தில் துணிக்கூடையோடு எதிரே வருகிற யாரையாவது நிறுத்திக் கேளுங்கள்: காலை ஒன்பது மணி வகுப்புக்கு முன்னால் இந்த மாடிக் குளியலறையில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?